பட்டாம்பூச்சிக்காக ஃபிரிட்ஜில் விதை வைக்கும் அமெரிக்கர்கள்... மில்க்வீட் வளர்ப்பில் அப்படி என்ன சூட்சுமம்?

ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அமெரிக்காவில் சில வீடுகளின் ஃபிரிட்ஜைத் திறந்தால், பாலுக்கும் தக்காளிக்கும் நடுவே ஒரு ஜிப் கவர் இருக்கும். உள்ளே கொஞ்சம் ஈர மணல். மணலுக்குள் பழுப்பு நிறத்தில் தட்டையான விதைகள். கவர் மேலே பேனாவால் தேதி எழுதியிருக்கும். சமையலுக்கான பொருள் இல்லை அது. ஒரு பட்டாம்பூச்சிக்காக எடுத்து வைத்தது.

விதையின் பெயர் மில்க்வீட். பட்டாம்பூச்சியின் பெயர் மோனார்க். வட அமெரிக்காவில் வேகமாகக் குறைந்துவரும் இந்தப் பட்டாம்பூச்சியைக் காப்பாற்ற, பள்ளிகள், பூங்காக்கள், வீட்டுத் தோட்டங்கள் என எங்கும் மில்க்வீட் நடச் சொல்கிறார்கள். நியூ ஜெர்சியிலும் டெக்சாஸிலும் டொரன்டோவிலும் வீடு வாங்கிக் குடியேறிய தமிழர்கள் பலர் வீட்டுக்குள்ளும் இந்த ஆர்வம் வந்துவிட்டது.

ஆனால் விதை வாங்கினோமா, தூவினோமா, தண்ணி ஊத்தினோமா என்று முடிகிற வேலை இல்லை இது. தவறான மில்க்வீட்டை நட்டால், காப்பாற்ற நினைத்த பட்டாம்பூச்சிக்கே அது ஆபத்தாகிவிடலாம். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

மில்க்வீட் என்றால் என்ன?

இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். காய் முற்றி வெடித்தால் பட்டுபோன்ற பஞ்சோடு விதைகள் காற்றில் மிதந்து போகும். படிக்கும்போதே நம்ம ஊர் எருக்கு ஞாபகம் வருகிறதா? சரிதான். மில்க்வீட்டும் எருக்கும் ஒரே குடும்பம். சின்ன வயதில் 'தாத்தா பூச்சி' என்று சொல்லி ஓடிப்போய்ப் பிடித்து ஊதிவிடுவோமே, அதுபோன்ற விதைதான் மில்க்வீட்டிலும் இருக்கிறது.

அமெரிக்கா, கனடாவில் மட்டும் 70க்கும் மேற்பட்ட மில்க்வீட் இனங்கள் இயற்கையாக வளர்கின்றன. பெயரிலேயே 'வீட்', அதாவது களை என்று இருப்பதால் விவசாயிகளுக்கு இது ரொம்ப நாளாகவே வேண்டாத செடி.

ஒரே ஒரு முறை மட்டும் இந்தக் களைக்கு மவுசு வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, கடற்படையின் உயிர்காப்பு ஜாக்கெட்டுகளில் நிரப்ப இலவம் பஞ்சு தேவைப்பட்டது. அது ஜாவா தீவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் வரத்து நின்றுபோனது. மாற்றாகக் கிடைத்தது மில்க்வீட் பஞ்சு. பள்ளிப் பிள்ளைகள் சாலையோரங்களில் மூட்டை மூட்டையாகக் காய் பறித்துக் கொடுத்தார்கள். போர் முடிந்ததும் மறுபடி களையாகிவிட்டது.

மோனார்க்குக்கு இந்தச் செடி மட்டும் ஏன்?

வளர்ந்த மோனார்க் எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். ஆனால் அதன் புழு அப்படி இல்லை. மில்க்வீட் இலையைத் தவிர வேறு எதையும் வைத்து அது வளர முடியாது. அதனால் தாய்ப் பட்டாம்பூச்சி மில்க்வீட்டைத் தேடித் தேடி, இலைக்கு அடியில் ஒவ்வொன்றாக முட்டை வைக்கும்.

மூன்று முதல் ஐந்து நாளில் முட்டை பொரியும். அடுத்த இரண்டு வாரம் புழுவுக்குத் தின்பது ஒன்றே வேலை. அந்த இரண்டு வாரத்தில் அதன் எடை சுமார் 2,000 மடங்கு கூடுகிறது. பிறகு கூட்டுப்புழுவாகி, ஏறக்குறைய இன்னும் இரண்டு வாரத்தில் ஆரஞ்சும் கருப்புமாகப் பட்டாம்பூச்சி வெளியே வரும்.

மில்க்வீட் பாலில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு இருக்கிறது. மற்ற பல உயிரினங்களுக்கு விஷமான அதை மோனார்க் புழு தின்று உடம்பிலேயே சேர்த்து வைத்துக்கொள்கிறது. மோனார்க்கைச் சாப்பிட்ட பறவைக்கு வாந்தி வரும். அடுத்த முறை அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்தாலே ஒதுங்கிப் போய்விடும். ஆக, இந்தச் செடி புழுவுக்குச் சாப்பாடாகவும் இருக்கிறது, பட்டாம்பூச்சிக்குக் கவசமாகவும் இருக்கிறது.

4,000 கிலோமீட்டர் பயணம்

கோடையில் பிறக்கும் மோனார்க்குகள் இரண்டு முதல் ஆறு வாரம்தான் உயிரோடு இருக்கும். கோடை முடிவில் பிறக்கும் தலைமுறை மட்டும் வேறு மாதிரி. அது இனப்பெருக்கத்தைத் தள்ளிப்போட்டுவிட்டுத் தெற்கு நோக்கிப் பறக்கத் தொடங்கும். கனடாவிலிருந்தும் வடகிழக்கு அமெரிக்காவிலிருந்தும் மத்திய மெக்சிகோ வரை சுமார் 4,000 கிலோமீட்டர். எட்டு, ஒன்பது மாதம்கூட இந்தத் தலைமுறை உயிர் வாழும்.

போய்ச் சேரும் இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓயமெல் எனப்படும் ஊசியிலை மரக் காடுகள். கிளையே தெரியாத அளவுக்கு மரத்தில் அப்பிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். அங்கே அவை வந்து சேருவது நவம்பர் தொடக்கத்தில். அதே நாட்களில்தான் மெக்சிகோ மக்கள் இறந்தவர்களை நினைத்துக் கொண்டாடும் பண்டிகை வருகிறது. முன்னோர்களின் ஆன்மாதான் பட்டாம்பூச்சியாகத் திரும்பி வருகிறது என்பது அந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை.

இந்த இடம் உள்ளூர் மக்களுக்குத் தெரிந்திருந்தாலும் விஞ்ஞானிகளுக்குத் தெரியாமலே இருந்தது. டொரன்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரெட் உர்குஹார்ட், அவர் மனைவி நோரா இருவரும் பல ஆண்டுகள் தேடி, 1975 ஜனவரியில்தான் அவர்களுடைய உதவியாளர்களான கென் பிரக்கர், கதலினா அகுவாடோ மூலம் கண்டுபிடித்தார்கள். இன்று அந்தக் காடுகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம்.

எவ்வளவு குறைந்திருக்கிறது?

மரத்தில் அப்பியிருக்கும் பட்டாம்பூச்சிகளை எண்ண முடியாது. அதனால் எத்தனை ஹெக்டேர் காட்டில் இருக்கின்றன என்று அளக்கிறார்கள். (1 ஹெக்டேர் என்பது சுமார் இரண்டரை ஏக்கர்.)

• 1996-97 குளிர்காலம்: 18.19 ஹெக்டேர்
• 2013-14: 0.67 ஹெக்டேர்
• 2023-24: 0.90 ஹெக்டேர்
• 2024-25: 1.79 ஹெக்டேர்

அதாவது, 45 ஏக்கர் நிறைய இருந்த பட்டாம்பூச்சிகள் ஒரு கட்டத்தில் இரண்டு ஏக்கருக்கும் குறைவான இடத்துக்குள் அடங்கிவிட்டன. 2024-25இல் கொஞ்சம் மீண்டாலும், 2015இல் அமெரிக்க அரசு வைத்த இலக்கு 6 ஹெக்டேர்.

ராக்கி மலைகளுக்கு மேற்கே இருக்கும் மோனார்க்குகள் பெரும்பாலும் கலிபோர்னியா கடற்கரையில் குளிர்காலத்தைக் கழிக்கும். அங்கே 2020இல் நடந்த கணக்கெடுப்பில் 2,000 கூடத் தேறவில்லை. 1980களில் அதே கடற்கரையில் லட்சக்கணக்கில் இருந்தவை. 2024 டிசம்பரில், மோனார்க்கை அழியும் அபாயத்தில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்க்க அமெரிக்க வனவிலங்குத் துறை முன்மொழிந்தது.

மெக்சிகோவில் மரம் வெட்டுவது, பருவநிலை மாற்றம், பூச்சிமருந்து என்று காரணங்கள் பல. அதில் முக்கியமான ஒன்று மில்க்வீட் காணாமல் போனது. 1990களின் கடைசியில் களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றச் சோயாவும் மக்காச்சோளமும் அமெரிக்க வயல்களுக்கு வந்தன. அதுவரை விவசாயிகள் மருந்தை அளவோடுதான் தெளித்தார்கள், இல்லாவிட்டால் பயிரும் சேர்ந்து கருகிவிடும். புதிய விதை வந்ததும் வயல் முழுக்கத் தெளிக்க முடிந்தது. பயிர் நின்றது, வரிசைகளுக்கு நடுவே இருந்த மில்க்வீட் போனது.

சரி, மில்க்வீட் நட்டால் போதுமே... எங்கே சிக்கல்?

மோனார்க் குறைகிறது என்ற செய்தி பரவியதும் மக்கள் நாற்றுப்பண்ணைகளுக்குப் படையெடுத்தார்கள். அங்கே பல இடங்களில் கிடைத்தது ஒரே வகை. சிவப்பும் மஞ்சளுமாகக் கண்ணைப் பறிக்கும் பூ, சீக்கிரம் வளரும், விதை போட்டால் உடனே முளைக்கும். வெப்பமண்டல மில்க்வீட். இதன் பூர்வீகம் அமெரிக்காவின் தோட்டங்கள் இல்லை, மெக்சிகோவும் தென் அமெரிக்காவும்.

மோனார்க்குக்கு இது பிடிக்கும், முட்டையும் வைக்கும். அப்புறம் என்ன பிரச்சினை?

அமெரிக்க மண்ணுக்கே உரிய மில்க்வீட்டுகள் இலையுதிர் காலத்தில் பழுத்துக் காய்ந்துவிடும். தரைக்கு மேலே ஒன்றும் இருக்காது. பகல் குறைவது, இரவு குளிர்வது, செடி முதிர்வது, இவை மூன்றும் சேர்ந்துதான் மோனார்க்குக்கு 'கிளம்பு' என்று சொல்லும் அறிகுறிகள். ஆனால் டெக்சாஸ், ஃபுளோரிடா, கலிபோர்னியா போன்ற உறைபனி அதிகம் விழாத இடங்களில் வெப்பமண்டல மில்க்வீட் குளிர்காலத்திலும் பச்சைப்பசேலென்று நிற்கும். தெற்கே போக வேண்டிய பட்டாம்பூச்சி அதைப் பார்த்ததும் அங்கேயே தங்கி முட்டை வைக்கத் தொடங்கிவிடுகிறது.

தங்கினால் தங்கட்டுமே என்று விட முடியாது. மோனார்க்குக்கு ஓ.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஓர் ஒட்டுண்ணி நோய் உண்டு. நோயுள்ள பட்டாம்பூச்சி இலையில் உட்காரும்போது கண்ணுக்குத் தெரியாத வித்துகள் உதிரும். இலையோடு புழு அதையும் தின்னும். நோய் முற்றினால், கூட்டைவிட்டு வெளியே வரும்போதே இறகு சுருங்கி, பறக்க முடியாமல் கீழே விழும்.

உள்ளூர் மில்க்வீட் வருஷத்துக்கு ஒருமுறை காய்ந்துபோகும்போது இலையிலிருக்கும் நோய்வித்தும் அதோடு போய்விடும். வசந்தத்தில் வருவது சுத்தமான புதுத் தளிர். எப்போதும் பச்சையாக நிற்கும் செடியிலோ வித்துகள் சேர்ந்துகொண்டே போகும். குளிர்காலத்தில் இப்படித் தங்கி இனப்பெருக்கம் செய்யும் மோனார்க்குகளிடம் இந்த நோய் பல மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கலிபோர்னியாவின் சில மாவட்டங்களில் நாற்றுப்பண்ணைகள் இந்தச் செடியை விற்கவே தடை போட்டுவிட்டார்கள்.

அதனால்தான் 'மில்க்வீட் நடுங்கள்' என்று மட்டும் சொல்லாமல் 'உங்கள் பகுதியின் மில்க்வீட்டை நடுங்கள்' என்று வல்லுநர்கள் அழுத்திச் சொல்கிறார்கள்.

ஏற்கெனவே வெப்பமண்டல வகையை வைத்திருந்தால்? பிடுங்கிவிட்டு உள்ளூர் செடிக்கு மாறுவது நல்லது. முடியாவிட்டால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை மாதாமாதம் சுமார் 15 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். கடும் பனி விழும் வட மாநிலங்களில் இது தானாகவே செத்துவிடும் என்பதால் அங்கே சிக்கல் குறைவு.

விதைக்கு எதற்கு ஃபிரிட்ஜ்?

வெப்பமண்டல வகையை எல்லோரும் நட்டதற்கு ஒரு காரணம், அது சட்டென்று முளைத்துவிடும் என்பது. பெரும்பாலான உள்ளூர் மில்க்வீட் விதைகள் அப்படி முளைக்காது. ஆசையோடு விதைத்துவிட்டு, மூன்று வாரம் பார்த்து, 'விதை சொத்தை போல' என்று தொட்டியைக் கவிழ்த்தவர்கள் நிறைய.

விதையில் குறை ஒன்றுமில்லை, அது தூங்கிக்கொண்டிருக்கிறது. காய் வெடிப்பது இலையுதிர் காலத்தில். அப்போதே முளைத்தால் அடுத்த மாதமே பனியில் கருகிவிடும். அதனால் ஈரமும் குளிரும் சேர்ந்த ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகுதான் முளைப்பது என்று விதை பூட்டிக்கொள்கிறது. ஃபிரிட்ஜ் செய்வது அந்தக் குளிர்காலத்தைச் செயற்கையாகக் கொடுப்பது.

விதையிலிருந்து செடி வரை: என்னென்ன செய்யணும்?

1. விதை சேகரிப்பு: காயின் ஓரத்தை லேசாக அழுத்தினால் தானாகப் பிளக்க வேண்டும். உள்ளே விதை பழுப்பாக இருந்தால் பறிக்கலாம். வெள்ளையாக இருந்தால் இன்னும் முற்றவில்லை. கடையில் வாங்குவதானால் அந்தந்தப் பகுதியில் எடுத்த விதையாகப் பார்த்து வாங்குவது நல்லது.

2. குளிரூட்டல்: ஈர மணலிலோ, நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரிலோ விதையை வைத்து ஜிப் கவரில் போட வேண்டும். ஈரம் இருக்கணும், தண்ணி சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். தேதி எழுதி ஃபிரிட்ஜில் குறைந்தது 30 நாள். ஃபிரீசரில் அல்ல, சாதாரணத் தட்டில்.

3. விதைப்பு: கடைசி உறைபனிக்கு நான்கு முதல் எட்டு வாரம் முன்னதாக, வீட்டுக்குள் சின்னத் தொட்டிகளில் அரை செ.மீ. ஆழத்தில் போடலாம். ஆழம் அதிகமானால் முளை மேலே வராது. வெதுவெதுப்பும் நல்ல வெளிச்சமும் இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

4. நடவு: உறைபனி முழுக்க நின்றபின், தினமும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடத்தில் நட வேண்டும். பல இனங்களுக்கு வேர் நேராக ஆழமாகப் போகும் என்பதால் மண்கட்டியோடு அசையாமல் எடுத்து வைக்கணும்.

5. பொறுமை: முதல் வருஷம் பெரும்பாலும் பூக்காது, அந்த வருஷம் வேருக்கானது. குளிர்காலத்தில் செடி காய்ந்து காணாமல் போனதும் 'செத்துப்போச்சு' என்று தோண்டிவிடக் கூடாது. வசந்தத்தில் கொஞ்சம் தாமதமாகவே திரும்பி வரும்.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அக்டோபர், நவம்பரில், நிலம் உறைவதற்கு முன் மண்ணைக் கிளறி விதையைத் தூவி, காலால் மெல்ல மிதித்துவிட்டால் போதும். மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும். எலி, பறவைக்குக் கொஞ்சம் போகும், அதனால் விதை தாராளமாக வேண்டும்.

எந்த ஊருக்கு எந்தச் செடி?

• வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்கள், தெற்கு கனடா: சாதாரண மில்க்வீட். மண்ணுக்கடியில் வேர் ஓடிப் பரவும், சின்னத் தோட்டத்துக்கு ஒத்துவராது. இடம் குறைவு என்றால் ஆரஞ்சுப் பூ பூக்கும் பட்டாம்பூச்சி மில்க்வீட் (தண்ணீர் தேங்காத இடம் வேணும்), ஈரம் நிற்கும் இடமென்றால் சதுப்பு மில்க்வீட்.
• டெக்சாஸ்: பச்சை மில்க்வீட், மான்கொம்பு மில்க்வீட்.
• கலிபோர்னியா: குறுகிய இலை மில்க்வீட். ஆனால் மோனார்க் குளிர்காலத்தில் தங்கும் கடற்கரை இடங்களிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் எந்த மில்க்வீட்டும் நட வேண்டாம் என்பதே அறிவுரை. அங்கே இயற்கையில் மில்க்வீட் பெரிதாக இருந்ததில்லை. தேன் தரும் பூச்செடி வைத்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

மில்க்வீட் பால் கண்ணில் பட்டால் கருவிழியைப் பாதிக்கும். செடியைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கக் கூடாது, கையுறை நல்லது. ஆடுமாடுகளுக்கும் செடி நச்சு.

தண்டு முழுக்க மஞ்சள் நிறத்தில் அசுவினி அப்பிக்கொள்ளும். நம்ம ஊர் எருக்கிலும் அரளியிலும் வருகிற அதே பூச்சிதான். பார்த்ததும் மருந்து அடிக்கத் தோன்றும். அடித்தால் மோனார்க் முட்டையும் புழுவும் சேர்ந்து போய்விடும். புழு இல்லாத தண்டில் தண்ணீரைப் பீய்ச்சியோ விரலால் நசுக்கியோ குறைக்கலாம். நாற்று வாங்கும்போதும் பூச்சிமருந்து போட்டு வளர்த்ததா என்று கேட்டுத்தான் வாங்கணும். மருந்து ஊறிய இலையைத் தின்னும் புழு பிழைக்காது.

முக்கியமான இன்னொன்று: இலையெல்லாம் ஓட்டை விழுந்து, செடி மொட்டையாக நின்றால் அது தோல்வி இல்லை. அதுக்குத்தானே நட்டது!

ஒரு வீட்டில் நட்டு என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. வீட்டுத் தோட்டங்கள் மட்டும் மோனார்க்கைக் காப்பாற்றிவிடாது. மெக்சிகோ காடு பிழைக்க வேண்டும், வயலோரங்களும் சாலையோரங்களும் களைக்கொல்லியிலிருந்து தப்ப வேண்டும், இலையுதிர் காலத்தில் தெற்கே பறக்கும் வழியில் தேன் தரும் பூக்கள் வேண்டும். ஆனால் வசந்தத்தில் மெக்சிகோவிலிருந்து கிளம்பும் பட்டாம்பூச்சி கனடா வரை நேராகப் போவதில்லை. டெக்சாஸ் பக்கம் முட்டை வைத்துவிட்டு இறந்துபோகும். அதன் பிள்ளை இன்னும் வடக்கே போகும், பேரப்பிள்ளை அதற்கும் வடக்கே. வழியில் ஒவ்வொரு தலைமுறைக்கும் முட்டை வைக்க ஒரு செடி வேண்டும். அந்த வழியில் எத்தனை இடத்தில் மில்க்வீட் இருக்கிறதோ, அத்தனை இடத்தில் அடுத்த தலைமுறைக்கு வாய்ப்பு.

நம்ம ஊரில்?

தமிழ்நாட்டில் மில்க்வீட் தேவையில்லை, எருக்கு இருக்கிறது. மோனார்க்கின் நெருங்கிய உறவான வெந்தய வரியன் பட்டாம்பூச்சி அதில்தான் முட்டை வைக்கும். அதே ஆரஞ்சு நிறம், அதே நச்சுக் கவசம். பிள்ளையார் சதுர்த்திக்கு மாலை கட்டப் பறிப்பதோடு சரி, மற்ற நாளில் காலி மனையில் எருக்கு நின்றால் முதல் வேலையாக வெட்டிவிடுகிறோம்.

அடுத்த முறை வெட்டுவதற்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள். கருப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டையோடு, முதுகில் மூன்று ஜோடி கருப்புக் கொம்புகளோடு ஒரு புழு தின்றுகொண்டிருந்தால், அந்தச் செடியை ஒரு மாதம் விட்டுவிடலாம்.